மூன்றாவது ஓலை

ராஜமேரி அக்கா வெட்டியது தாசில்தாரை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் பேப்பரில் ‘நிலம் எடுக்கச் சென்ற தாசில்தார் மீது அரிவாள் வீச்சு, பெண் கைது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். தாசில்தார் ஜீப்பை விட்டே இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வெட்டியது தன் புருஷனை. தாலி கட்டிய புருஷனை, பெற்ற மகன் போலீஸ் வேனுக்குள்ளிருந்து பார்க்க, அறுவடைக்கு நின்ற கேழ்வரகுக் காட்டின் நடுவில் வைத்து வெட்டினாள். நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். ரத்தம் என் சேலையிலும் பட்டது.

என் பெயர் தெரசா. வெட்டுப்பட்ட அல்போன்ஸ் மாமா என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அண்ணன். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர், நாக்பூருக்கு அந்தப் பக்கம் எங்காவது ஓடிக்கொண்டிருப்பார், அவருக்கு இதில் வேலையில்லை. அக்காவும் நானும் ஓரகத்திகள். ஓரகத்திகள் என்றால் சண்டைதான் போடுவார்கள் என்பார்கள். நாங்களும் போட்டோம், தண்ணீர்க் குழாய்க்காக, கோழிக்காக, பேச்சுக்காக. ஆனாலும் அவளைப் பற்றி வெளியாள் ஒருத்தன் தப்பாக எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் ஊர் நல்லம்பள்ளிக்கும் தொப்பூருக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் வேதக்காரர்கள், மாதா கோவிலுக்குப் போகிறவர்கள். அக்காவின் நிலம் மட்டும் பெரிய ரோட்டை ஒட்டியே கிடந்தது. மற்றவர்கள் நிலமெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக. அவளுடைய அப்பாவுக்கு ஆண் பிள்ளை கிடையாது. கல்யாணத்துக்கு நகை போட வக்கில்லாமல், இரண்டரை ஏக்கர் கரட்டை அவள் பெயருக்கே எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். கல்லைச் சீதனமாகக் கொண்டுவந்தவள் என்று என் மாமியார் சாகும்வரைக்கும் ஏசினாள். அந்தக் கல்லையெல்லாம் அக்கா தன் கையால் பொறுக்கி வரப்பில் அடுக்கினாள். கிணறு வெட்டும்போது வெடியில் தெறித்த சில்லு புருவத்தைக் கிழித்துவிட்டது. தையல் போட்டுக்கொண்டு மறுநாளே வந்து மண் சுமந்தாள். தண்ணீர் வந்த அன்றைக்குக் கிணற்றுக்குள் இறங்கி முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து அழுதாள் என்று மாமாவே சொல்வார்.

பட்டா அக்கா பேரில்தான் இருந்தது. ஆனால் கிஸ்தி கட்டப் போவது, சிட்டா வாங்கப் போவது, ஆபீசில் போய் நிற்பது எல்லாம் மாமாதான். பொம்பளைக்கு ஆபீசில் என்ன வேலை என்பது எங்கள் ஊர் வழக்கம். எந்தப் பொம்பளையும் அதை எதிர்த்துக் கேட்டதில்லை, நான் உட்பட.

இனி ஓலையைப் பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இந்த ரத்தம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குப் புரியாது. எங்கள் கோவிலில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னார் இன்னார் மகளைக் கட்டப் போகிறான், இதற்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று வாசித்துவிட்டு, கடைசியில் ‘இது முதல் ஓலை’ என்று முடிப்பார் சாமியாருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார். அடுத்த வாரம் இரண்டாம் ஓலை. அதற்கடுத்த வாரம் மூன்றாம் ஓலை. முதல் ஓலையிலேயே எழுந்துபோய்த் தடை சொல்கிறவனை ஊரில் மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள். ‘ஒரு குடும்பத்தின் மானத்தை வாங்கக் காத்துக் கிடந்தான் பார்’ என்பார்கள். சொல்ல வேண்டியது இருந்தால் மூன்றாம் ஓலை வரைக்கும் பொறுக்கவேண்டும். அதற்குள் அவர்களாகவே பேசி விலகிக்கொள்ளலாம் இல்லையா? அப்படியும் விலகாவிட்டால், மூன்றாவது வாசித்த பிறகு, கூட்டம் கலைந்ததும் சாமியார் அறைக்குப் பின்பக்கமாகப் போய்ச் சொல்லவேண்டும். பெங்களூரில் ஏற்கெனவே ஒரு பெண்டாட்டியை வைத்திருந்த ஒருத்தனை அப்படித்தான் பிடித்தோம். அவனுடைய அந்தப் பெண்டாட்டியின் அண்ணனே மூன்றாவது ஓலைக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் உபதேசியார் சவுரியப்பன் கையில் ஒரு கவர்மெண்டு காகிதத்தோடு மைக் முன்னால் வந்தார். கரண்டு நிறுத்தம், கண் முகாம், ரேஷன் என்று எது வந்தாலும் அவரிடம்தான் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள், ஊர் மொத்தமும் கோவிலில் இருக்கும் என்பதால். லாரிகள் நிறுத்தவும் சரக்குக் கிடங்கு கட்டவும் கீழே கண்ட நிலங்கள் பொதுக் காரியத்துக்குத் தேவைப்படுகின்றன, ஆட்சேபனை உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்று அதில் இருந்தது. சர்வே நம்பர்களும் பெயர்களும் வந்தன. முதல் பெயர், அல்போன்ஸ் மனைவி ராஜமேரி. சவுரியப்பன் அதைக் கல்யாண ஓலை வாசிக்கிற அதே ராகத்தில் வாசித்தார். அவருக்கு வேறு ராகம் தெரியாது. வாசித்து முடித்துவிட்டு, வாய்ப்பழக்கத்தில், “இது முதல் ஓலை” என்று சொல்லிவிட்டார்.

கோவிலில் எல்லோரும் சிரித்தோம். சவுரியப்பனும் சிரித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். சிரித்தோமே ஒழிய, அது எங்கள் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள், “ஏங்க, நாளைக்கே போயி ஆட்சேபனைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருங்க.”

“இரு, இரு,” என்றார் மாமா. “மொத ஓலையிலயே எந்திரிச்சு நின்னா அவனுங்க நம்மள என்னான்னு நெனப்பானுங்க? அடங்காதவன், வம்புக்காரன்னு எழுதி வெச்சுக்குவானுங்க. இன்னும் ரெண்டு தடவ வாசிக்கட்டும். எல்லாரும் சேந்து போவலாம்.”

அக்கா என்னைப் பார்த்தாள். நானும் அதுதான் சரி என்று தலையாட்டினேன். ஊரே அப்படித்தான் நினைத்தது. அப்புறம் தபாலிலும் ஒரு காகிதம் வந்தது. அதிலும் இதையேதான் எழுதியிருந்தார்கள் என்று மாமா மடித்து வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை வரவில்லை. மழை, ஆபீசர் வந்திருக்கமாட்டார் என்றோம். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பயந்துவிட்டார்கள், திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசினார்கள். தடை சொல்வதற்கு முன்னாலேயே மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று என் வாயாலேயே நான் கேலி பேசினேன். அக்கா கேழ்வரகு நாற்றுப் பிடுங்கி நட்டாள்.

கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் உத்தரவு வந்தது. தருமபுரி கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் எங்கள் ஊர்ப் பையன் அருள்பிரகாஷிடம் எடுத்துக்கொண்டு ஓடினோம். அவன் படித்துப் பார்த்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டான். குறித்த காலத்துக்குள் ஆட்சேபனை எதுவும் வரவில்லை, ஆகவே மேற்படி நிலங்கள் எல்லா வில்லங்கமும் நீங்கி அரசுக்குச் சொந்தமாகின்றன என்று எழுதியிருக்கிறது என்றான்.

“இன்னும் ரெண்டு ஓலை வாசிக்கலியேப்பா,” என்றார் மாமா.

அருள்பிரகாஷுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். “பெரியப்பா, சட்டத்துல ஒரே ஓலதான்,” என்றான். ஹைகோர்ட்டுக்குப் போகலாம், தடை வாங்கப் பார்க்கலாம், ஆனால் ஆட்சேபனையே கொடுக்காமல் போய் நின்றால் ஜட்ஜ் முதலில் அதைத்தான் கேட்பார் என்றும் சொன்னான். அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். “என் நெலத்த என்னக் கேக்காம எப்படிப்பா அவங்களுதுன்னு எழுதுவாங்க?” என்று கேட்டாள். “கேட்டாங்க பெரியம்மா,” என்றான் அவன். “நீங்க பதில் சொல்லல.”

அன்றைக்கு ஊர் திரும்பியதும் அடிதடி ஆரம்பித்தது. முதல் அடி வாங்கியது சவுரியப்பன். ‘முதல் ஓலை என்று சொன்னது நீதானே’ என்று கேட்டு அவர் வீட்டுக் கதவை உடைத்தார்கள். முதலில் கை வைத்தது மாமாதான். அந்தக் கிழவரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார். மூக்குக் கண்ணாடி உடைந்து கண்ணோரம் குத்திக் கிழித்துவிட்டது. தெருவில் உருண்டபடியே அந்த மனுஷன், “பழக்கத்துல வந்துருச்சுங்க, பழக்கத்துல வந்துருச்சுங்க” என்று கத்தினார். நான் போகவில்லை. போயிருந்தால் நானும் அடித்திருப்பேன். தப்பு யார் மேல் என்று தெரியாதபோது பக்கத்தில் கிடைக்கிறவன்தான் அடி வாங்குகிறான். தாசில்தார் ஆபீஸ் நல்ல தூரத்தில் இருந்தது, சவுரியப்பன் வீடு கோவிலுக்குப் பக்கத்தில் இருந்தது.

அடுத்து சர்வேக்காரர்கள் எல்லைக் கல் நட வந்தார்கள். மஞ்சள் பெயிண்ட் அடித்த கல். பகலில் நட்டுவிட்டுப் போனார்கள், விடிவதற்குள் அக்காவின் மகன் இனிகோவும் இன்னும் சில பையன்களும் பிடுங்கிக் கிணற்று மேட்டில் குவித்து வைத்தார்கள். இனிகோ தொப்பூர் ரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். கையில் நல்ல பலம், வாயில் அதைவிட. மறுபடி நட்டார்கள், மறுபடி பிடுங்கினார்கள். மூன்றாவது தடவை போலீசோடு வந்தார்கள். அன்றைக்கு இனிகோவைத் தெருவில் வைத்து அடித்ததில் இடது காது மந்தமாகிவிட்டது. இப்போதும் அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் வலது பக்கம் போய்த்தான் கூப்பிடவேண்டும். அக்கா நடுவில் விழுந்து தடுத்தாள். ஒரு போலீஸ்காரன் அவள் கையை முறுக்கி மண்ணில் தள்ளினான். மாமா கும்பிட்டுக்கொண்டு நின்றார், “சார், சார்” என்றார். கோபக்கார மனுஷன்தான், ஆனால் காக்கிச் சட்டையைக் கண்டால் கை தானாகக் குவிந்துவிடும். எனக்கு அன்றைக்கே அவர் மேல் வெறுப்பு வந்துவிட்டது.

கதிர் முற்றியது. அக்கா தாசில்தாரைப் போய்ப் பார்த்தாள். அவளாக ஒரு ஆபீசுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை, நானும் கூடப் போனேன். “ஒரு வாரம் குடுங்க சார், கதிர அறுத்துக்கறோம்,” என்றாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கவர்மெண்டு நெலத்துல பயிர் வெச்சதே தப்பும்மா,” என்றார். நட்டது எப்போது, கவர்மெண்டு நிலம் ஆனது எப்போது என்று நான் கேட்டேன். வெளியே போகச் சொன்னார்.

சரி, நாமே அறுத்துவிடுவோம் என்று அடுத்த நாள் காலையில் ஊர்ப் பொம்பளைகள் எல்லோரும் அக்கா காட்டில் இறங்கினோம். எல்லோர் கையிலும் கருக்கரிவாள். பேப்பர்காரனுக்குச் சொல்கிறேன், கருக்கரிவாளை வீச முடியாது. அது ரம்பம் மாதிரிப் பல் வைத்தது. வைத்து இழுத்தால்தான் அறுக்கும். பாதிக் காடு அறுத்து முடிப்பதற்குள் ஜேசிபியும், ஜீப்பும், இரண்டு வேன் போலீசும் வந்து நின்றுவிட்டன.

மைக்கில் எச்சரிக்கை சொன்னார்கள். நாங்கள் நகரவில்லை. பெண் போலீஸ் வரப்புவரை வந்து, எங்கள் கையில் அரிவாளைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. அப்போது இன்ஸ்பெக்டர் மாமாவைக் கூப்பிட்டு வேனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். உள்ளே இனிகோ இருந்தான். காலையிலேயே பஞ்சர் கடையில் வைத்துத் தூக்கிவிட்டார்கள், எங்களுக்குத் தெரியாது. மூக்கிலிருந்து ரத்தம் சட்டைக்கு வழிந்திருந்தது. ‘உம் பொண்டாட்டிய வெளிய கூட்டிட்டு வா, பையன் வூட்டுக்கு வருவான். இல்ல, வர வருஷம்தான் வருவான்’ என்று இன்ஸ்பெக்டர் சொன்னதாகப் பின்னால் மாமாவே என்னிடம் சொன்னார்.

மாமா காட்டுக்குள் வந்தார். செருப்பு ஒன்று வரப்பிலேயே கழன்றுவிட்டது, அது அவருக்குத் தெரியவில்லை.

“ராஜமேரி, வெளிய வா.”

“பாதிதாங்க அறுத்திருக்குது,” என்றாள் அக்கா. குனிந்தபடியே சொன்னாள்.

“இனிகோவப் புடிச்சு வெச்சிருக்கறாங்க. வண்டியில ஒக்காந்திருக்கறான். வாடின்னா!”

அக்கா நிமிர்ந்தாள். வேன் பக்கம் பார்த்தாள். கம்பி வலைக்குப் பின்னால் மகனின் முகம் தெரிந்தது. “அவனையும் வுடச் சொல்லுங்க, நெலத்தையும் வுடச் சொல்லுங்க,” என்றாள். “ரெண்டும் நான் பெத்ததுதான்.”

மாமாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஜீப் பக்கம் திரும்பினார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். “எடுத்துக்குங்க சார்!” என்று கத்தினார். “எங்களுக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லைங்க! நான் சொல்றேன் சார், நான் அவ புருசன் சொல்றேன்! எடுத்துக்குங்க!”

ஒரு மாதம் முழுக்கத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காத வாய். எனக்கே அந்த வாயில் மண்ணைப் போட்டு அடைக்கவேண்டும் போல இருந்தது. ஜேசிபிக்காரன் வண்டியைக் கிளப்பிவிட்டான். அக்கா அறுத்த கதிரை என் மடியில் போட்டுவிட்டு, நேராக அந்த இரும்புக் கைக்கு முன்னால் போய் நின்றாள். நானும் அவள் பின்னாலேயே ஓடினேன். வண்டி நிற்கவில்லை, மெதுவாக வந்துகொண்டே இருந்தது. மாமா ஓடிவந்து பின்னாலிருந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தார். அவள் மல்லாந்து விழப் போனாள். விழாமல் திரும்பினாள். கொண்டையைப் பிடித்திருந்த வலது கையின் மணிக்கட்டில் அரிவாளை வைத்தாள். இழுத்தாள்.

கதிர் அறுக்கிற அதே இழுப்பு. வருஷக்கணக்காகப் பழகிய கை, நிதானம் தப்பவில்லை. சதை விரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது, அதற்கப்புறம்தான் ரத்தம் வந்தது. மாமா கையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், இன்னும் கொண்டையை விடவில்லை. விரல்கள் அவராக விடவில்லை, நரம்பு அறுந்து தானாகப் பிரிந்தன. “அம்மா!” என்று வேனுக்குள்ளிருந்து இனிகோ அலறினான்.

அதற்குத்தான் காத்திருந்தது போல் போலீஸ் உள்ளே பாய்ந்தது. யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. முட்டியில், முதுகில், குனிந்தால் மண்டையில். ஒரு பிள்ளைத்தாய்ச்சி வரப்பில் குப்புற விழுந்தாள், அவள் மேலேயே மிதித்துக்கொண்டு ஓடினார்கள். நான் ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். ஜேசிபியின் கண்ணாடி நொறுங்கியது. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அடுத்த நொடி என் முதுகில் லத்தி விழுந்தது, மூச்சு நின்றுபோய் வாயைத் திறந்துகொண்டு மண்ணில் கிடந்தேன். படுத்தபடியே பார்த்தேன். அக்காவை நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் போனார்கள். மாமாவை இன்னொரு வண்டியில் ஏற்றினார்கள். காடு காலியாகிவிட்டது. ஜேசிபி உடைந்த கண்ணாடியோடு வேலையைத் தொடங்கியது. முதலில் கேழ்வரகு, பிறகு தென்னை, பிறகு கிணற்று மேடு. அக்கா பொறுக்கி அடுக்கிய வரப்புக் கல்லையெல்லாம் வாரிக் கிணற்றுக்குள் தள்ளினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் மாமாவின் கையைத் தைத்தார்கள், ரத்த ஓட்டம் நின்றுபோன இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். யார் வெட்டியது என்று போலீஸ் கேட்டபோது, என் மனைவி ராஜமேரி என்னைக் கொல்லும் நோக்கத்தோடு வெட்டினாள் என்று சொன்னார். எழுதிய காகிதத்தில் இடது கைப் பெருவிரலை வைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் இனிகோவை விட்டுவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அவரை நாறநாறக் கேட்டேன். “பையன் வந்துட்டானில்ல தெரசா,” என்று மட்டும் சொன்னார். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சேலம் ஜெயிலுக்கு அக்காவைப் பார்க்கப் போனேன். மகனைப் பற்றிக் கேட்டாள், வந்துவிட்டான் என்றேன். புருஷனைப் பற்றிக் கேட்கவில்லை. “கெணறு?” என்றாள். மூடிவிட்டார்கள் என்றேன். அதற்குப் பிறகு நேரம் முடிகிறவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிலத்துக்கான பணத்தைக் கோர்ட்டில் கட்டியிருக்கிறார்கள், கையெழுத்துப் போட்டால் எடுக்கலாம் என்று அருள்பிரகாஷ் சொல்லி அனுப்பியிருந்தான். நான் அதைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துத்தான் ஜாமீன் கிடைத்தது. தினமும் காலையில் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும் என்று நிபந்தனை. அவள் மாமா இருக்கும் வீட்டுக்குப் போகவில்லை, என் வீட்டில்தான் தங்கினாள். ஒரு விஷயத்தை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. நிலம் கொடுத்தவர்களுக்கு வேலை என்று சொன்னதில், கிடங்கு கட்டுகிற கான்டிராக்டர் மாமாவை வாட்ச்மேனாகப் போட்டிருந்தான். ஒரு கை போன ஆளுக்கு வேறென்ன வேலை கொடுப்பான்? “அங்க இருந்தா மண்ணையாச்சும் பாத்துக்கிட்டு இருக்கலாம் தெரசா,” என்று என்னிடம் சொன்னார். அதற்கு நான் காறித் துப்பினேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அக்கா திடீரென்று எழுந்து அவள் நிலத்துக்குப் பக்கத்து ஸ்டாப்பிங்கில் இறங்கிவிட்டாள். நானும் பதறி இறங்கினேன். நிலத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. உள்ளே செம்மண்ணைப் பரப்பிச் சமமாக்கியிருந்தார்கள், தகரக் கொட்டகை ஒன்று நின்றது. கிணறு இருந்த இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஆனால் ஒரு மூலையில் மட்டும் பச்சையாக இருந்தது. ஜேசிபி மிதித்த கதிரிலிருந்து சிந்திய மணி முளைத்து, குட்டையும் நெட்டையுமாகக் கதிர் விட்டிருந்தது.

“நம்ம கேவுருடி,” என்றாள் அக்கா. ஜெயிலிலிருந்து வந்த பிறகு அப்போதுதான் அவள் குரலில் உயிர் வந்தது. கீழ்க்கம்பியைத் தூக்கிப் பிடித்தாள். முள் உள்ளங்கையில் ஏறியது, அவள் கவனிக்கவில்லை.

விசில் சத்தம் கேட்டது. கொட்டகைப் பக்கமிருந்து மாமா ஓடிவந்தார். அளவு பெரிதான நீலச் சட்டை, கழுத்தில் விசில், இடது கையில் கம்பு. அருகே வந்த பிறகுதான் ஆளைப் பார்த்தார். நின்றார். பின்னால் கொட்டகை வாசலில் கான்டிராக்டரின் சூப்பர்வைசர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

“உள்ள வரக் கூடாதுங்க,” என்றார் மாமா. “கவர்மெண்டு எடம்.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அக்காவை ‘ங்க’ போட்டுப் பேசி நான் கேட்டதே கிடையாது. அக்கா கம்பிக்கு அடியில் பாதி நுழைந்தபடியே அவரைப் பார்த்தாள். “நீயா?” என்றாள். அவளும் அவரை நீ என்று சொன்னது கிடையாது. பிறகு முழுசாக நுழைந்துவிட்டாள். முதுகுத் துணி கிழிந்து முள்ளில் தொங்கியது. அந்தப் பச்சைக்குப் போய், அரிவாள் இல்லாமல், கையாலேயே கதிரை ஒடிக்கத் தொடங்கினாள்.

“யோவ் வாட்ச்மேன், வேடிக்க பாக்கறதுக்கா சம்பளம்? அடிச்சுத் தொரத்துய்யா!” என்று சூப்பர்வைசர் எழுந்தான்.

“போயிடுங்க,” என்றார் மாமா. “போயிடு ராஜமேரி, போயிடு.” அவள் ஒடித்துக்கொண்டே இருந்தாள். சூப்பர்வைசர் நடந்து வர ஆரம்பித்தான். மாமா கம்பை ஓங்கினார். தரையில் தட்டத்தான் ஓங்கினார், நான் சத்தியம் செய்வேன். ஆனால் இடது கைக்கு எதுவும் பழக்கமில்லை. அக்கா கதிரோடு நிமிர்ந்த நேரம், கம்பு அவள் காதுக்கு மேலே விழுந்தது. தேங்காய் உடைகிற சத்தம். அவள் அப்படியே அந்தக் கேழ்வரகின் மேல் சாய்ந்தாள். மாமா கம்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்து, விரல் போன அந்தக் கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். அடித்தார், அடித்தார், உதடு கிழிந்து ரத்தம் வந்த பிறகும் நிறுத்தவில்லை.

நானும் மாமாவுமாகத்தான் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டோம். ஆஸ்பத்திரி போகிறவரை அவள் தலை என் மடியில் இருந்தது, கை கதிரை விடவில்லை. பெரியாஸ்பத்திரியில் முடியைச் சிரைத்துத் தையல் போட்டார்கள். தையல் போடும்போது அவள் முகம் சுளிக்கவில்லை.

அடிதடி கேஸ் என்பதால் ஆஸ்பத்திரியில் இருக்கும் போலீஸ்காரர் எழுத வந்தார். மாமா கதவோரம் நின்றார். நீலச் சட்டை, கழுத்தில் விசில் அப்படியே தொங்கியது.

“யாரும்மா அடிச்சது?” என்றார் போலீஸ்காரர்.

“வாட்ச்மேனுங்க,” என்றாள் அக்கா.

“பேரு?”

அக்கா தலையைத் திருப்பிக் கதவோரம் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

“தெரியாதுங்க,” என்றாள். “கவர்மெண்டு ஆளு.”

போலீஸ்காரர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.